நவநீதத்திடம் சொன்ன படம்

“நான் எழுதின படத்தை என் மகளே சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுட்டா” என்றார் ரங்கமன்னார்.

இருசப்பன் சாயம் குழைக்க அடுப்பில் புளியங்கொட்டைப் பசை கிண்டிக்கொண்டிருந்தான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

ரங்கமன்னார் தள்ளி நின்றார். அவரை யாரும் தள்ளி நிற்கச் சொல்லிப் பல வருஷமாகியிருந்தது.

பட்டணத்தில் அவர் பெரிய ஓவியர். வயது ஐம்பத்தெட்டு. நீதிபதி, மில் முதலாளி, கல்லூரிக்கு இடம் கொடுத்த புண்ணியவான் என்று முக்கால்வாசிப் பெரிய மனிதர்கள் அவர் கையால்தான் சுவரில் ஏறினார்கள். கோட்டுப் பொத்தானை எழுதினால் பொத்தானுக்குள் எதிர் ஜன்னல் தெரியும். அத்தனை நுணுக்கம்.

இருசப்பனுக்கு முப்பத்தாறு வயது. ஆலங்கரை சந்தைத் தெருவில், ஒரு மாவு மில்லுக்குப் பின்னால், ஒரே ஒரு அறை. மில் ஓடினால் சுவர் நடுங்கும். மாவு பறந்து வந்து ஈரப் படத்தின்மேல் உட்காரும். “வெள்ளை மட்டும் நமக்கு ஓசி” என்று சிரிப்பான்.

இந்த இருவரில் ரங்கமன்னார்தான் சீடர். இருசப்பன் குரு. குருவை ‘அவன்’ என்று எழுதுவது முறையில்லைதான். ஆனால் ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அவன் சட்டையைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். எனக்கு மனசு வரும்போது மாற்றிக்கொள்கிறேன்.

*

“யாரு படம்?” என்று கேட்டான் இருசப்பன்.

“என் சம்சாரம் வேதவல்லி. போன ஆவணியில போயிட்டா. வர்ற ஆவணியில முதல் திதி. அதுக்குள்ள அம்மா படம் ஒண்ணு வேணும்னு மகள் கேட்டா.”

“எழுதினீங்களா?”

“மூணு எழுதினேன். முதல் படத்தைப் பார்த்து ‘நல்லாருக்குப்பா’ன்னா. ரெண்டாவதுக்கு ஒண்ணும் சொல்லல. மூணாவதைத் திருப்பி வெச்சுட்டு, ‘இது அம்மா இல்லப்பா’ன்னு அழுதா.”

“போட்டோ ஒண்ணும் இல்லீங்களா?”

“கல்யாண போட்டோ இருக்கு. அதுல அவளுக்குப் பதினாறு வயசு. அதைப் பார்த்து எழுதினா அந்தப் பதினாறு வயசுப் பொண்ணுதான் வர்றா. அவளை எனக்கே தெரியாது.”

இருசப்பன் கரண்டியை நிறுத்தினான். அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது.

“போட்டோவே எடுக்காமச் செத்தவங்களை நீ எழுதுறியாம்” என்றார் ரங்கமன்னார். “படத்தைப் பார்த்ததும் சொந்தக்காரங்க விழுந்து அழறாங்களாம். என் படத்தைப் பார்த்து இதுவரைக்கும் ஒருத்தரும் அப்படி அழுததில்ல. அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடு. எத்தனை நாளானாலும் இருக்கேன்.”

“வித்தை எல்லாம் எனக்குத் தெரியாதுங்க.”

“அப்போ யாருக்குத் தெரியும்?”

இருசப்பன் அறையின் மூலையைக் காட்டினான். அங்கே அவன் மனைவி நவநீதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

ரங்கமன்னார் அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் பதிலுக்குக் கும்பிடவில்லை. அவளுக்குக் கண் தெரியாது.

*

பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு சத்திரத்தில் ரங்கமன்னார் அறை எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் வந்துவிடுவார்.

இரண்டாம் நாள் ஒரு குடும்பம் வந்தது. ஆடு மேய்த்துப் பிழைத்த ஒருத்தி செத்துப்போய், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, இரண்டு மகன்களும் ஒரு மருமகளும் வந்திருந்தார்கள்.

மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று இருசப்பன் கேட்பான் என்று ரங்கமன்னார் பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருந்தார்.

“உங்கம்மா ஆட்டை எப்பிடிக் கூப்பிடும்?” என்று கேட்டான் இருசப்பன்.

பெரிய மகன் வெட்கப்பட்டான். பிறகு நாக்கை மடித்து ஒரு சத்தம் போட்டான். சின்னவன், “அப்பிடி இல்லடா” என்று வேறு மாதிரிப் போட்டான். இருவரும் சண்டை பிடித்தார்கள்.

“உன்மேல கோவம் வந்தா உங்க மாமியா என்னம்மா செய்யும்?”

“திட்டாதுங்க” என்றாள் மருமகள். “மொறத்தை எடுத்து வெச்சுக்கிட்டுப் பொடைக்கும். மொறத்துல ஒண்ணுமே இருக்காது.”

சொல்லிக்கொண்டே கையால் புடைத்துக் காட்டினாள். அவள் உதடு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. இருசப்பன் அந்த உதட்டை எழுதிக்கொண்டான்.

செத்தவளின் முகம் சொல்கிறவர்களின் முகத்தில் வந்து வந்து போவதை ரங்கமன்னார் அப்போதுதான் பார்த்தார். பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாளில் படம் தயாரானது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார் ரங்கமன்னார்.

“எங்க முடிஞ்சுது? இன்னும் அவகிட்ட சொல்லலியே.”

*

சாயங்காலம் மில் நின்றது. இருசப்பன் படத்தைச் சுவரில் சாய்த்தான். நவநீதத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். படத்தை வாயால் சொல்லத் தொடங்கினான்.

“நெத்தியில மூணு கோடு. நடுக்கோடு மட்டும் வலப்பக்கம் அறுந்து நிக்குது. வெயிலுக்குக் கண்ணை இடுக்கி இடுக்கி வந்த கோடு.”

“ம்.”

“கன்னம் ஒட்டிக் கெடக்குது. ஒதடு ஒரு பக்கமா ஒதுங்கியிருக்குது, மொறம் பொடைக்கிறப்போ ஒதுங்குமே, அப்பிடி.”

“ம்.”

“கழுத்து, நல்லா சங்கு கடைஞ்சாப்ல…”

“கழுத்து பொய்” என்றாள் நவநீதம்.

இருசப்பன் வாதாடவில்லை. மறுநாள் காலையில் கழுத்தைச் சுரண்டி எடுத்தான்.

ரங்கமன்னாருக்குப் பொறுக்கவில்லை. “உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று அவளிடம் கேட்டார்.

“பார்த்து எழுதின எடத்தை நேராச் சொல்லுவாருங்க. பார்க்காம எழுதின எடத்தை அழகாச் சொல்லுவாரு.”

இந்த வழக்கம் வந்த கதையையும் ரங்கமன்னார் கேட்டுத் தெரிந்துகொண்டார். கல்யாணமான மூன்றாம் வருஷம் நவநீதத்துக்கு ஒரு காய்ச்சல். காய்ச்சல் இறங்கியபோது பார்வையும் சேர்ந்து போய்விட்டது. இருசப்பன் பிரஷ்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி அடுப்பில் வைக்கப் போனான். “நீ பார்க்காத படத்தை நான் எதுக்கு எழுதணும்?” என்றானாம்.

“பார்க்காட்டி என்னா? சொல்லுங்க, கேக்கறேன்” என்றாளாம் அவள்.

அதற்குப் பத்து வருஷமாகிறது. அவளிடம் சொல்லாமல் ஒரு படமும் அந்த அறையைவிட்டு வெளியே போனதில்லை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பேச்சை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

*

“நானும் சொல்லட்டுமா?” என்று ஒரு சாயங்காலம் கேட்டார் ரங்கமன்னார்.

“சொல்லுங்க ஐயா” என்றாள் நவநீதம்.

மகள் திருப்பி வைத்த மூன்றாவது படத்தை அவர் சொன்னார்.

“வட்ட முகம். சந்தன நிறம். நீளமான கண்ணு. அரக்குக் கலர்ல பட்டுப் புடவை. ஜரிகை ஒண்ணரைச் சாண். மடிப்பு மேல மடிப்பா விழுந்து, ஒவ்வொரு மடிப்புலயும் வெளிச்சம் நிக்குது.”

“புடவை நல்லாருக்குதுங்க” என்றாள் நவநீதம். “உள்ள யாரு?”

ரங்கமன்னார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாளிலிருந்து அவள் கேட்கத் தொடங்கினாள். தினம் ஒன்றோ இரண்டோதான் கேட்பாள்.

“அம்மா சிரிச்சா வாயைப் பொத்திக்குவாங்களா?”

“தெரியலம்மா.”

“மாங்கா கடிச்சா எந்தக் கண்ணு மூடும்?”

“நான் கவனிச்சதில்ல.”

“கோவம் வந்தா என்னா செய்வாங்க?”

“அவளுக்குக் கோவமே வராது.”

நவநீதம் சிரித்துவிட்டாள். “வராம எங்க போவும்? உங்ககிட்ட வந்திருக்காது, அவ்வளவுதான்.”

நீதிபதி ஒருவரின் புருவத்தில் எத்தனை நரை மயிர் என்று ரங்கமன்னாருக்கு அன்றைக்கும் ஞாபகமிருந்தது. மனைவிக்கு எந்த வயதில் நரை வந்தது என்று தெரியவில்லை. சத்திரத்துக்குப் போய் அன்று அவர் சாப்பிடவில்லை.

*

ரங்கமன்னார் கை நிறையக் கொண்டுவந்த சீமைச் சாயப் பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். குரு தட்சணை. திறந்தால் நாற்பது டியூப்.

ஞானக் கதைகளில் குருமார்கள் இப்படிப்பட்ட பரிசைத் தொடாமல் தள்ளிவிடுவார்கள். இருசப்பன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். அதுவரை அவனுக்குக் கறுப்பு என்றால் விளக்குக் கரி, சிவப்பு என்றால் செங்கல் பொடி, நீலம் என்றால் துணிக்குப் போடும் நீலம். அன்று முழுக்க வேலையே செய்யாமல் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“இந்தச் செவப்பு எப்பிடி இருக்குது?” என்று நவநீதம் கேட்டாள்.

இருசப்பன் வெகுநேரம் யோசித்தான்.

“வெத்தலை போட்டு ரெண்டாந்தரம் துப்புவோமே, அந்தச் செவப்பு.”

“அடேங்கப்பா” என்றாள் அவள். அவள் முகத்தில் சிவப்பு தெரிந்ததை ரங்கமன்னார் பார்த்தார்.

சில நாளில் ரங்கமன்னாரும் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு எழுதினார். ஒருநாள் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது நவநீதம் சுவரைத் தடவித் தடவி வந்து, அவர் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். அவர் பார்க்கவில்லை.

“வேலையில உக்காந்தா யாரு வந்தாலும் நிமிர மாட்டீங்களா ஐயா?” என்று கேட்டான் இருசப்பன்.

“மாட்டேன். முப்பது வருஷத்துச் சாதகம்” என்றார் ரங்கமன்னார் பெருமையாக. “ஒரு தடவை கலெக்டரே வந்து பின்னாடி நின்னு பார்த்துட்டுப் போயிட்டார். எனக்குத் தெரியவே தெரியாது.”

இருசப்பன் ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தான்.

*

ஆடி மாதம் ஊரில் யாரும் சாகவில்லை. நல்ல செய்திதான். இருசப்பன் வீட்டில் மட்டும் அரிசிப் பானை காலியாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அரிசி மண்டி ஏகாம்பரம் வந்தார். அவர் அம்மா செத்து நாலு வருஷம். புதுவீடு கட்டியிருந்தார். கூடத்தில் மாட்ட அம்மா படம் வேண்டும்.

எல்லாம் சொன்னார். அம்மா நடப்பதைக்கூட நடந்து காட்டினார். போகும்போது திரும்பி வந்து, “வலது கன்னத்துல எண்ணெ தெறிச்ச தழும்பு ஒண்ணு பெருசா இருக்கும். அது மட்டும் வேணாம். நாலு பேர் வந்து போற எடம்” என்றார். “படம் மனசுக்குப் புடிச்சா, ஒரு வருஷத்துக்கு உன் வீட்டு அரிசி என் பொறுப்பு.”

இருசப்பன் தழும்பில்லாமல் எழுதினான். ஐந்தாம் நாள் சாயங்காலம் நவநீதத்திடம் சொன்னான்.

“முன்நெத்தி ஏறியிருக்குது. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்குது. வலது கன்னம் வழவழன்னு இருக்குது. அப்புறம் மூக்கு…”

“நில்லுங்க. கன்னத்துல ஏன் ஓடுறீங்க?”

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“தழும்பு இருந்துச்சு நவநீதம். வேணாம்னாரு. ஒரு வருஷத்துக்கு அரிசி தர்றேன்னாரு.”

“உங்களுக்குப் பசிக்குதா?”

“எனக்கில்ல. உனக்கு.”

“எனக்குப் பசிக்குதுன்னு நான் சொன்னேனா?”

மறுநாள் காலை, மில் ஓடத் தொடங்குமுன்பே, இருசப்பன் எழுந்து தழும்பை எழுதினார்.

ஆமாம். எழுதினார். இனிமேல் அப்படித்தான் எழுதுவேன். ரங்கமன்னாரும் அன்றிலிருந்துதான் அவரை ‘நீங்க’ என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஏகாம்பரம் வந்து படத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. “கண்ணில்லாதவ பேச்சைக் கேட்டா இப்பிடித்தான்” என்று கத்திவிட்டு, படத்தை எடுக்காமலே போனார். அரிசி வரவில்லை.

அன்று மத்தியானம், பசைக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் பாதியை நவநீதம் வறுத்தாள். மூன்று பேரும் கடித்தார்கள். ரங்கமன்னாருக்கு ஒரு பல் ஆடிவிட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் ரங்கமன்னார் ஒரு மூட்டை அரிசி வாங்கி வந்தார். வாங்கிக்கொள்வார்களோ மாட்டார்களோ என்று பயந்துகொண்டே இறக்கினார்.

“உள்ள வைங்க ஐயா” என்றார் இருசப்பன். “நீங்க ஒண்ணும் தழும்பை எடுக்கச் சொல்லலியே.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஏகாம்பரத்தின் தங்கை வந்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தழும்பை விரலால் தொட்டாள்.

“நான் அப்போ இடுப்புப் புள்ள. வடை சுடறப்போ எண்ணெ தெறிச்சுது. என்மேல படாம எங்கம்மா மூஞ்சியைக் குடுத்துச்சு” என்றாள்.

வெகுநேரம் படத்தோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அவளால் முடியாது. வாரம் தவறாமல் வந்து பேசிவிட்டுப் போனாள்.

*

“உங்க சம்சாரத்தை எழுதியிருக்கீங்களா?” என்று ரங்கமன்னார் ஒருநாள் கேட்டார்.

இருசப்பன் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே பத்துச் சின்னப் பலகைகள். பத்திலும் நவநீதம். வருஷத்துக்கு ஒன்று, கல்யாண நாளன்று.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல அவள் தன் முகத்தைத் தடவிச் சரிபார்ப்பாளாம். எந்த வருஷமும் தேறவில்லை.

“ஒண்ணுகூடவா?”

“போன வருஷம் காது மட்டும் சரின்னா” என்றார் இருசப்பன். அவர் முகம் முழுக்கச் சந்தோஷம்.

ரங்கமன்னார் பத்துப் பலகைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பட்டணத்தில் எந்த மாளிகையில் மாட்டினாலும் மற்றப் படங்களை எல்லாம் கழற்றிவிட வேண்டியிருக்கும். அப்படி இருந்தன. பார்த்துவிட்டு அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். இருபத்திரண்டு வயது மூத்தவர்.

“ஐயோ, என்னாங்க இது” என்று இருசப்பன் எகிறிக் குதித்ததில் நீலக் கிண்ணம் கவிழ்ந்தது.

*

ஆவணி பிறந்துவிட்டது.

“நாளன்னிக்குத் திதி” என்றார் ரங்கமன்னார். “நாளைக்கு மகள் கோமளா என்னைக் கூட்டிக்கிட்டுப் போக வர்றா. நான் வெறுங்கையோட போறேன்.”

நவநீதம் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். நான் அவளைப் பார்க்கவே இல்ல. பார்க்காததை எப்படி எழுதறது?”

சொல்லிவிட்டு அழுதார். பெரிய மனிதர் அழுவதைப் பார்க்க இருசப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. மூலையிலிருந்த ஒரு பலகையை இழுத்துப் போட்டு, “ஒரு உதவி செய்வீங்களா?” என்று கேட்டார். “சைக்கிள் கடைப் பேர்ப் பலகை ஒண்ணு பாதியில கெடக்குது. எழுத்துக்குக் கோடு மட்டும் இழுத்துக் குடுங்க.”

நீதிபதிகளை எழுதிய கை சைக்கிள் கடைக்குக் கோடு இழுக்க உட்கார்ந்தது. வாசலுக்கு முதுகைக் காட்டி, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தார். வேலை என்றால் அவருக்கு வேலைதான். நாலு கோடு இழுப்பதற்குள் அழுததையே மறந்துவிட்டார்.

இருசப்பன் நவநீதத்தின் காதில் ஏதோ சொன்னார்.

அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். இடப்பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் பலகைமேல் வந்தது. தண்ணீர்ச் சொம்பைச் சத்தமில்லாமல் வைத்தது. விலகப் போனது.

“ஐயா” என்றார் இருசப்பன். “நிமிராதீங்க.”

ரங்கமன்னார் நிமிரவில்லை.

“அப்பிடியே இருங்க. என்னா தெரியுது?”

“கை.”

“யாரு கை?”

மில் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் நடுங்கிக்கொண்டிருந்தது. ரங்கமன்னார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு வேற பலகை குடுங்க” என்றார் ரங்கமன்னார்.

*

அன்று முழுக்க எழுதினார். மறுநாள் மத்தியானம் வரை எழுதினார். மாவு வந்து உட்கார உட்கார ஊதிவிட்டு எழுதினார்.

சாயங்கால பஸ்ஸில் கோமளா வந்தாள். மாவு மில்லை விசாரித்துக்கொண்டு அவள் வந்து வாசலில் நின்றபோது மில் நின்றிருந்தது. அப்பா யாரோ ஒரு கண் தெரியாத பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் கூப்பிட வாயெடுத்தாள். இருசப்பன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“முகம் இல்லம்மா” என்று ரங்கமன்னார் தொடங்கினார்.

“சரிங்க” என்றாள் நவநீதம்.

“மேசையோட மூலை தெரியுது. இடப்பக்கத்துலேர்ந்து ஒரு கை வருது. முழங்கை வரைக்கும்தான். அதுக்கு மேல நான் பார்த்ததில்ல.”

“ம்.”

“காப்பி டம்ளர். விளிம்பை ரெண்டு விரலால புடிச்சிருக்கா. சூடு. கட்டைவிரல் நகத்துல குறுக்க ஒரு வெட்டு, அரிவாமணை பட்டது. நகக்கண்ணுல மஞ்சள் இருக்கு. புறங்கையில ரெண்டு நரம்பு எழும்பி நிக்குது. கோமளா பொறந்ததுக்கு அப்புறம் எழும்பினது.”

“வளையல்?”

“கண்ணாடி வளையல் ஆறு. முழங்கை கிட்ட ஏத்தி இறுக்கி விட்டிருக்கா. கல்யாணமான புதுசுல ஒரு தடவை வளையல் சத்தத்துக்கு நான் கத்தினேன், கோடு கெட்டுப் போச்சுன்னு. அன்னிலேர்ந்து என் ரூமுக்குள்ள வர்றப்போ ஏத்திக்குவா. இறுக்கி இறுக்கி அந்த எடத்துல சதை அமுங்கியிருக்கும்.”

“ம்.”

“டம்ளரை இன்னும் வைக்கல. வைக்கப் போறா. சத்தம் வரக்கூடாதுன்னு சுண்டுவிரலை முதல்ல மேசையில ஊணியிருக்கா. அதுமேலதான் டம்ளர் இறங்குது.”

அவர் எங்கேயும் தடுமாறவில்லை. எங்கேயும் அழகாகச் சொல்லவில்லை.

கோமளா உள்ளே வந்தாள். படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

“கூடத்துல வேணாம்பா” என்றாள். “உங்க மேசைக்கு எதிர்ல மாட்டலாம்.”

ரங்கமன்னார் தலையாட்டினார். ஆனாலும் சீடர் அல்லவா, குருவின் வழக்கத்தை விடவில்லை. நவநீதத்தின் பக்கம் திரும்பினார்.

“எந்த எடம் பொய்ம்மா?”

அவர் காத்திருந்தார். இருசப்பனும் காத்திருந்தார்.

“ஆறிடப் போவுதுங்க” என்றாள் நவநீதம். “எடுத்துக் குடிங்க.”